இரட்டை பிரேக் – அத்தியாயம் 9: பின் சீட்டில் பரீட்சை

பரீட்சை நாள் காலையில் நெட்டி புஜேயா குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பதற்றமில்லாத முகம் வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இந்த மூஞ்சி போதுமா?" என்று வெளியே வந்து கேட்டாள்.

வின்ஸ் ரொட்டியை மென்றபடி மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். "பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு."

போன் அடித்தது. நிஜமாகவே பல் வலிதான். ஆனால் நெட்டிக்கு அல்ல.

அன்றைக்கு நெட்டியிடம் கார் பழக வரவேண்டிய பெண்ணுக்கு ஞானப்பல் முளைத்து, கன்னம் பூசணிக்காய் போல வீங்கி, அவள் மக்காய் நகரத்தில் பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா நாலு முறை மன்னிப்புக் கேட்டாள். நெட்டி நாலு முறையும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றாள். போனை வைத்துவிட்டு, "மடோன்னா! நான் செத்தேன்!" என்று நாற்காலியில் விழுந்தாள்.

பழக வருகிற ஆள் இல்லாமல் பழக்கிவிடுகிறவளுக்குப் பரீட்சை எப்படி நடக்கும்?

போன வாரம்வரை படித்தவர்களுக்கு நெட்டியின் நிலைமை தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அன்டுவனெட் என்பது ஞானஸ்நானப் பெயர். அதன் வாலைப் பிடித்து எல்லோரும் நெட்டி என்பார்கள். பெயர்தான் நெட்டி. ஆளைக் கார் சீட்டில் உட்காரவைத்தால் எதிரே வருகிறவர்களுக்குத் தலைமுடி மட்டும்தான் தெரியும். மேரியன் ஊரில் அவள் நடத்திவந்த துணிக்கடை படுத்துவிட்டது. "எங்க பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு இருக்கு, ஆலை இருக்கு, கார் ஓட்டப் பழக்க ஒரு ஆள் இல்ல" என்று சொல்லி, ஐம்பத்துமூன்று வயதில் டிரைவிங் மாஸ்டர் ஆகக் கிளம்பியவள் அவள்.

எழுத்துப் பரீட்சை தண்ணீர் பட்ட பாடு. வண்டியில் வைத்து நடந்த முதல் பரீட்சையில்தான் கால் காலை வாரியது. மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டல்லவா? அந்தப் பிரேக்கிலிருந்து நெட்டியின் கால் இறங்கவே இல்லை. பழக வந்த பையன் வண்டியை நகர்த்தும்போதெல்லாம் அவள் நிறுத்தினாள். "நீங்க பழக்கிவிடல, பொத்தி வளக்குறீங்க" என்று எழுதிவிட்டுப் போனார் பரீட்சைக்காரர்.

இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு. இதுவும் போனால் பயிற்சி முழுவதையும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும்.

"வேற யாராவது இருப்பாங்க," என்றான் வின்ஸ்.

"எல் போர்டு இருக்கணும். புதுசாப் பழகுற ஆளா இருக்கணும். இன்னும் ரெண்டு மணி நேரத்துல வரணும். எங்கேர்ந்து கொண்டு வருவேன்? கரும்பு வெட்டுற மெஷினுக்கு எல் போர்டு மாட்டவா?"

வின்ஸ் தொண்டையைச் செருமினான். "எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு இருக்கு."

"யாரு?"

"எல் போர்டு இருக்கு. ஓரளவு ஓட்டும். பக்கத்துலதான். கூப்பிட்டா வந்துரும்."

"வந்துரும்னா? ஆளா, மாடா?"

"மெலிட்டா."

நெட்டி எழுந்துபோய்க் கெட்டிலை அணைத்தாள்.

மெலிட்டா, வின்ஸின் அக்கா. கணவனை இழந்தவள். இவர்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு கரும்புக் காடுதான். ஆனால் ஆறு வருஷமாக அவளும் நெட்டியும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில்கூட, "வின்ஸ், குழம்புல உப்பு இல்லேன்னு சமைச்சவங்ககிட்ட சொல்லு" என்பாள் மெலிட்டா. "வின்ஸ், உப்பு அவங்க முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பாள் நெட்டி. நடுவில் வின்ஸ் சாப்பிடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

காரணம்? மெலிட்டாவின் கணவன் சால்வுவின் அடக்கத்தன்று நெட்டி சொன்ன ஒரு வாக்கியம். "நல்ல மனுஷன்தான். ஆனா கடைசிவரைக்கும் உன்னைக் கார் சாவியைத் தொடவிடலையே."

"அவளுக்கு ஏது எல் போர்டு?" என்றாள் நெட்டி.

"பரீட்சை எழுதினா. பாஸ் பண்ணினா."

"வண்டி ஓட்ட யாரு பழக்குறா?"

வின்ஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். ஏற்கெனவே தடவியிருந்த ரொட்டிக்கு.

"வின்ஸ்!"

"கரும்புக் காட்டுக்குள்ளதான். நம்ம பிக்கப்புல. ரோட்டுக்கே போகல. அவ்வளவா போகல."

"நான் இங்க கண்ணு முழிச்சுப் படிக்கிறேன். நீ என் முதுகுக்குப் பின்னால டியூஷன் எடுத்தியா?"

"உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அக்கா இல்லியா!"

"நீ காரையே டிராக்டர் மாதிரி ஓட்டுறவன். அவளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தே?"

"எனக்குத் தெரிஞ்சதை."

"அதான் பயமா இருக்கு," என்றாள் நெட்டி. ஆனால் வேறு வழி இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, "வரச் சொல்லு" என்றாள்.

*

பரீட்சை வைக்க ராக்ஹாம்ப்டனிலிருந்து வந்தவளின் பெயர் ஷெல்பி. நெட்டியின் மகளைவிடச் சின்னவள். முகத்தில் சிரிப்பு என்பதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நான் பின் சீட்டுல உக்காருவேன். பேச மாட்டேன். வண்டியில நான் இல்லேன்னே நெனச்சுக்குங்க."

"இவங்க என் வீட்டுக்காரரோட அக்கா," என்று நெட்டி முன்கூட்டியே சொன்னாள்.

"சொந்தக்காரங்களைப் பழக்கக் கூடாதுன்னு சட்டமில்ல. சலுகையும் இல்ல. சொந்தம்னா சுலபம்னு சில பேர் நெனப்பாங்க."

நெட்டி வானத்தைப் பார்த்தாள். மெலிட்டா தரையைப் பார்த்தாள்.

மெலிட்டா பூசைக்குப் போகிற நீலக் கவுனும் முத்து மாலையும் போட்டு, கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்திருந்தாள். பெட்டியிலிருந்து, சீஸ் பூரணம் வைத்துச் சுட்ட பஸ்டிட்ஸி பலகாரத்தின் வாசனை ஆவியோடு வந்தது.

"இந்தா பாப்பா. ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கே."

"வாங்கக் கூடாதுங்க. லஞ்சம் ஆயிரும்."

"லஞ்சமா? ரிக்கோட்டா சீஸ் பாப்பா. காலையில நானே செஞ்சது."

"பரீட்சை முடியறவரைக்கும் எதுவும் தொடக் கூடாது."

"அப்போ தின்னாதே. மடியில வெச்சுக் கெட்டியாப் புடிச்சுக்க. வளைவுல சரிஞ்சிரும்." பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள் மெலிட்டா. வண்டியில் இல்லாத ஷெல்பி, சூடான பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நெட்டி தாழ்ந்த குரலை வரவழைத்துக்கொண்டாள். "மெலிட்டா, இன்னிக்கு இடது பக்கம் திரும்பறது, வழி விடறது, ரெண்டும் பழகப் போறோம். வண்டியை எடுக்கறதுக்கு முன்னால என்னெல்லாம் பாக்கணும்?"

மெலிட்டா பின்னால் திரும்பினாள். "பாப்பா, பெல்ட் போட்டாச்சு, கண்ணாடி பாத்தாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு."

"நான் வண்டியில இல்லீங்க," என்றாள் ஷெல்பி.

"இல்லாதவ எப்படிப் பேசுறே?"

பழகுகிறவள் மாஸ்டரோடு பேச மாட்டாள் என்றால் பாடம் எப்படி நடக்கும்? காலையில் பழகிய பதற்றமில்லாத முகம் பல்வலி முகமாக மாறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பயிற்சி வகுப்பில் சொன்ன ஒரு முறை நினைவுக்கு வந்தது. நல்லவேளை.

"யாருகிட்டயும் சொல்ல வேணாம்," என்றாள். "ரோட்டைப் பாத்துச் சொல்லு. கண்ணுக்கு என்ன தெரியுதோ, அடுத்து என்ன செய்யப் போறியோ, அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டு. போதும்."

மெலிட்டா யோசித்தாள். ரோட்டோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை.

"கியர் போடுறேன்," என்று ரோட்டிடம் சொன்னாள். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது.

*

வின்ஸ் கொடுத்த டியூஷன் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் முழங்கை. கண்ணாடியை இறக்கி, வலது முழங்கையை வெளியே தொங்கவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டினாள்.

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல, மெலிட்டா."

"வின்ஸ் ஒரு கையாலதான் ஓட்டுறான்," என்றாள் மெலிட்டா ரோட்டிடம். ஆனாலும் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்தது நடு ரோடு. கரும்புக் காட்டுப் பாதையில் ஒரே ஒரு வழிதான் என்பதால், தார் ரோட்டிலும் நடுக்கோட்டின் மேலேயே போனாள். பிறகு விரல். எங்கள் பள்ளத்தாக்கில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவது மரியாதை. அதற்கு மேல் தூக்கினால் உறவு, அதற்குக் கீழே என்றால் பகை. மெலிட்டா யார் வந்தாலும் விரல் தூக்கினாள். தூக்கும்போதெல்லாம் வண்டி அந்த ஆளை நோக்கியே கொஞ்சம் சாய்ந்தது.

"எதுக்கால பால் வண்டி. ஓட்டுறவன் கிரெக் வீட்டு மருமகன். அவன் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், இன்னும் நடக்க வரல, பாவம். விரல் தூக்குறேன். தூக்கிட்டேன். அவன் தூக்கல. திமிரு."

"ரோட்டை மட்டும் சொன்னாப் போதும்," என்றாள் நெட்டி.

"அவன் ரோட்டுலதானே வரான்?"

பின் சீட்டில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஷெல்பி கையடக்கக் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று நெட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கவனமெல்லாம் தன் காலில் இருந்தது. கால் பிரேக்கைத் தேடித் தவித்தது. அதை மடக்கிச் சீட்டுக்கடியில் செருகிக்கொண்டு, தொடையைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஊர் முனை ரவுண்டானா வந்தது.

"வலது பக்கம் பாக்குறேன். யாருமில்ல. உள்ள போறேன். போயிட்டேன்." போனாள். வெளியே வரும் வழி தாண்டிவிட்டது. இன்னொரு சுற்று. "இது மக்காய் ரோடு. இது வேணாம். இது கோயில் ரோடு. இதுவும் வேணாம்." மூன்றாவது சுற்று. நடுவில் இருந்த சிமெண்ட் அன்னாசிப்பழம் ஜன்னலோரம் வந்து வந்து போனது.

போன தடவை என்றால் நெட்டி இந்நேரம் பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கைப் பிடுங்கியிருப்பாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "அவசரமே இல்ல, மெலிட்டா," என்றாள். "எத்தனை தடவை சுத்தினாலும் போலீஸ் புடிக்காது. எந்த வழின்னு நீயே முடிவு பண்ணு. பண்ணின உடனே இண்டிகேட்டர் போடு."

நாலாவது சுற்றில் இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. வண்டி சரியான வழியில் வெளியே வந்தது.

மெலிட்டாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். நெட்டி அதைப் பார்த்தாள். பார்க்காதது போல இருந்தாள்.

*

ஊரைத் தாண்டி ஆலைக்குப் போகிற ரோட்டில், கரும்பு ரயில் பாதை குறுக்கே வரும். கேட் கிடையாது, சிவப்பு விளக்கும் மணியும்தான். அரவை சீசனில் கரும்பு ஏற்றிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு இன்ஜின் ராப்பகலாக ஓடும். இரண்டு பக்கமும் வளர்ந்து நிற்கும் கரும்பில் ரயில் வருவது சுலபத்தில் தெரியாது.

"தண்டவாளம் வருது. விளக்கு எரியல. மெதுவாப் போறேன்," என்றாள் மெலிட்டா.

முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது. அந்த நொடியில் விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

மெலிட்டா, டிராக்டரில் நிற்பது போல, இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றாள். கிளட்சை மறந்துபோனாள். வண்டி குலுங்கி, இருமி, தண்டவாளத்துக்கு நடுவில் அணைந்தது.

"நின்னுடுச்சு," என்றாள் ரோட்டிடம்.

கரும்புக்குப் பின்னாலிருந்து ரயில் ஊதியது.

ஷெல்பி பின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். பஸ்டிட்ஸிப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள்.

நெட்டி இடது பக்கம் பார்த்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம் இன்ஜினின் மஞ்சள் மூக்கு தெரிந்தது. தூரம் இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது.

"ஒரே ஒரு தடவை முயற்சி பண்றோம்," என்றாள். அவளுக்கே தெரியாத ஒரு குரல் வந்தது. பாடம் தொடங்கும்போது வரவழைத்துக்கொண்ட குரல் இல்லை அது. "ஸ்டார்ட் ஆகலேன்னா மூணு பேரும் இறங்கி ஓடுறோம். மெல், ரெண்டு காலையும் எடு. கிளட்ச் என் காலுல இருக்கு. சாவியைத் திருப்பு."

'மெல்' என்று அவள் மெலிட்டாவைக் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மெலிட்டா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. நெட்டி கியரைத் தள்ளினாள்.

"இப்போ ஆக்ஸிலரேட்டர். மெதுவா. பூவை மிதிக்கிற மாதிரி."

"பூவை யாருடி மிதிப்பா?" என்றாள் மெலிட்டா. மிதித்தாள்.

நெட்டி கிளட்சை விட்டாள். வண்டி தண்டவாளத்தைத் தாண்டி இறங்கி, ரோட்டோரப் புல்லில் போய் நின்றது. ரயில் பிரேக் கிறீச்சிட, அவர்களுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகக் கடந்தது. இன்ஜின் ஜன்னலிலிருந்து ஒரு வெளுத்த முகம் எட்டிப் பார்த்துக்கொண்டே போனது.

கடைசிப் பெட்டியும் போனது.

"நீ என்னை மெல்னு கூப்பிட்டே," என்றாள் மெலிட்டா. பின்னால் திரும்பிச் சொல்லவில்லை. ரோட்டிடமும் சொல்லவில்லை.

"மெலிட்டான்னு சொல்ல நேரமில்ல."

"சால்வு இருந்திருந்தா இந்நேரம் கத்தியே என்னைக் கொன்னிருப்பான். ரயில் தேவைப்பட்டிருக்காது." முத்து மாலையைத் திருகினாள். "அன்னிக்கு நீ சொன்னது நிஜம்தான். நிஜம்னுதான் எனக்கு அவ்வளவு கோவம்."

"சொன்ன இடம் தப்பு. சவப்பெட்டி பக்கத்துல நின்னு சொல்லியிருக்கக் கூடாது."

"சவப்பெட்டி பக்கத்துல இல்ல. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துல. நான் செஞ்ச பஸ்டிட்ஸியை வாய்ல வெச்சுக்கிட்டே சொன்னே."

"அப்படியா?"

"ரெண்டு."

நெட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சரி, இப்போ மட்டும் எதுக்குப் பழகுறே?"

"ஒரு நாள் நல்ல மழை. பூசைக்குக் கிளம்பி வாசல்ல நின்னேன். கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன வின்ஸ் மறந்துட்டான். சால்வுவோட கார் ஷெட்டுல நிக்குது. சாவி ஆணியில தொங்குது. பார்சல் வர்றதுக்குக் காத்திருக்கற மாதிரி நான் நிக்கிறேன். நானே பார்சல் மாதிரி." மெலிட்டா மூக்கை உறிஞ்சினாள். "மறுநாளே போய்ப் பரீட்சை எழுதினேன். உன்கிட்ட வந்தா, 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லுவே. அதான் அவன்கிட்ட போனேன்."

"சொல்லியிருப்பேன்," என்று நெட்டி ஒப்புக்கொண்டாள்.

பின் சீட்டில் ஒரு இருமல். ஷெல்பி கதவைச் சாத்தியிருந்தாள். முகம் சுண்ணாம்பு. "பாடம் முடிஞ்சுதாங்க?"

முடிந்தது என்று சொல்லி நெட்டியே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நெட்டி மெலிட்டாவின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன. இன்னும் இறங்கவில்லை.

"இல்ல," என்றாள் நெட்டி. "வண்டியைத் திருப்பணும். அதே தண்டவாளத்தை இன்னொரு தடவை தாண்டணும்."

"என்னால முடியாது, நெட்டி!"

"இப்போ தாண்டலேன்னா இந்தத் தண்டவாளம் ராத்திரி உன் கட்டில் வரைக்கும் வரும். போறதுக்கு முன்னால நிறுத்து. ரெண்டு பக்கமும் பாரு. கண்ணாடியை இறக்கிக் காது குடுத்துக் கேளு. நீ சொன்னாத்தான் போவோம். நான் சொல்ல மாட்டேன்."

மெலிட்டா நிறுத்தினாள். பார்த்தாள். கேட்டாள். கரும்பு சலசலத்தது. ஒரு காக்கை கத்தியது. நெட்டியின் கால் மறுபடியும் சீட்டுக்கடியில் இருந்தது.

"போறேன்," என்றாள் மெலிட்டா.

வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தாண்டியது.

*

தபால் ஆபீஸ் மர நிழலில் நிறுத்தினார்கள். ஷெல்பி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரவுண்டானாவுல உங்க கால் எங்க இருந்துச்சு?"

"சீட்டுக்கடியில."

"தண்டவாளத்துல?"

"கிளட்சுல."

"எப்போ வைக்கணும், எப்போ எடுக்கணும்னு தெரிஞ்சாச் சரி. தண்டவாளம் வர்றதுக்கு முன்னாலயே அவங்களைத் தயார் பண்ணியிருக்கணும். அது உங்க தப்பு. எழுதிட்டேன். ஆனா திருப்பிக் கூட்டிட்டுப் போனீங்க பாருங்க, அதையும் எழுதிட்டேன்." நிமிர்ந்தாள். "பாஸ்."

மெலிட்டா முன் சீட்டிலிருந்து எக்கி ஷெல்பியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"பரீட்சை முடிஞ்சுதுல்ல பாப்பா? இப்போ தின்னு."

ஷெல்பி பெட்டியைத் திறந்தாள். ரயிலுக்குப் பயந்து கட்டிப்பிடித்த பிடியில் எல்லாம் அப்பளமாகியிருந்தன. விரலால் வழித்து ஒரு வாய் போட்டாள். அன்றைக்கு முதல் முறையாக, அந்தப் பெண் சிரித்தாள்.

அவள் கிளம்பிப் போனதும் நெட்டி, "ரயில் விஷயம் வின்ஸுக்குத் தெரிய வேணாம்," என்றாள்.

"தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை பூசை முடியறதுக்குள்ள மலையடிவாரம் வரைக்கும் பரவிரும்."

"அப்புறம் எந்தத் தாய் என்னை நம்பிப் புள்ளையை அனுப்புவா?"

"ஒண்ணுமே நடக்கல," என்றாள் மெலிட்டா.

"ஒண்ணுமே நடக்கல."

*

சாயங்காலம் வின்ஸ் முயல் குழம்பு வைத்தான். திருட்டு டியூஷனுக்குப் பிராயச்சித்தம். மூன்று பேரும் பின்கட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஆலையின் புகை, இனிப்பு வாசனை.

"நெட்டி, அந்த ரொட்டியை இப்படித் தள்ளு," என்றாள் மெலிட்டா.

நெட்டி தள்ளினாள். "செவ்வாய்க்கிழமை உனக்கு அடுத்த பாடம். முத்து மாலை வேணாம், கியர்ல மாட்டும்."

வின்ஸ் கரண்டியைத் தட்டில் வைத்தான். "இருங்க இருங்க. நேராவே பேசிக்கிறீங்க. அப்போ எனக்கு வேலை போச்சா?"

"போச்சு," என்றார்கள் இருவரும்.

"வண்டியில அப்படி என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கல," என்றார்கள், மறுபடியும் சேர்ந்து. கொஞ்சம் வேகமாகவே.

முன்வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். வின்ஸ் போய்க் கதவைத் திறந்தான். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வெள்ளைக் கார், எல் போர்டு. அந்தம்மா வீடு இதானுங்களா? என் பேரு மெர்வின் டூலி."

வின்ஸின் முகம் மலர்ந்தது. "இதேதான்! என் பொண்டாட்டி. இன்னிக்குத்தான் பாஸ் பண்ணினா. அதுக்குள்ள தேடி வந்துட்டீங்களே! உங்க வீட்டுல யாருக்குப் பழகணும்?"

"பழகறதுக்கு இல்லீங்க. அந்த ரெண்டம்மாவும் முழுசா இருக்காங்களான்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். நாளைக்குக் காலையில ஆலையில நான் இதைச் சொல்லியாகணும். அதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

வராந்தாவில் நெட்டியின் கை மேஜைக்கடியில் மெலிட்டாவின் கையைத் தேடிப் பிடித்தது.

"எதைச் சொல்லியாகணும்?" என்று கேட்டான் வின்ஸ்.

"நான் ஓட்டின ரயிலைத்தாங்க."

சிரித்த முகம் மாறாமல் வின்ஸ் மெதுவாகத் திரும்பி, வீட்டுக்குள்ளே பார்த்தான்.

"எந்த ரயில்?"